பெங்குவின் களம் – 14: இருபத்தேழு பெயர்கள்

சென்ற வாரம் உங்களை ஒரே ஒரு வரியில் நிறுத்திவிட்டுப் போனேன். வாரம் முழுக்கக் காத்திருந்திருப்பீர்கள். வாருங்கள், அங்கிருந்தே தொடர்வோம்.

2018 ஏப்ரல். வால்வ் நிறுவனத்தின் கேம் கடையான ஸ்டீமின் மெனுவிலிருந்து, லினக்ஸில் ஓடும் கேம் பெட்டிகளான ‘ஸ்டீம் மெஷின்’களின் பெயர் சத்தமில்லாமல் காணாமல் போயிருந்தது. லினக்ஸ் கேமர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. வால்வும் நம்மைக் கைவிட்டுவிட்டதா? வால்வின் புரோகிராமர் பியர்-லூ கிரிஃபே பதில் எழுதினார். பெட்டிகள் எதிர்பார்த்தபடி விற்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். லினக்ஸை விடுவதாக இல்லை என்றார். கூடவே ஒரு வரி சேர்த்தார். இன்னும் சில லினக்ஸ் வேலைகள் கைவசம் இருக்கின்றன, அவற்றைப் பற்றிப் பேச நேரம் வரவில்லை.

படித்தவர்களில் பலர் உதட்டைப் பிதுக்கினார்கள். தோற்றுப்போன எல்லோரும் சொல்கிற வார்த்தைதானே?

ஆனால், அந்த வரி எழுதப்பட்டபோது ஒரு ஜெர்மன் புரோகிராமர் இரண்டு மாதமாக வால்விடம் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார்.

வால்வ் அதை வெளியே சொல்லவில்லை. அவரை இந்தக் கதைக்குள் இழுத்து வந்தது பணமும் இல்லை, புரட்சிக் கனவும் இல்லை. ஒரு கேம். அவர் விளையாட ஆசைப்பட்ட ஒரே ஒரு கேம்.

அவரைச் சந்திப்பதற்கு முன் இன்னொருவரின் நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இந்தத் தொடரில் இதுவரை நாம் திட்டித் தீர்த்த ஆள். கேம் நிறுவனத்தின் முதலாளி.

*

பத்துப் பேர் வேலை பார்க்கும் சின்ன நிறுவனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருட உழைப்பு. கையிருப்பு கரைகிறது. கேம் விண்டோஸில் ஓடுகிறது. அப்போது ஒரு கேள்வி வருகிறது: “லினக்ஸுக்கு எப்போது?”

அவர் கணக்குப் போடுகிறார். அன்று ஸ்டீமில் இருந்த நூறு பேரில் லினக்ஸ்காரர் ஒருவர் தேறுவதே கடினம். அந்த ஒருவருக்காகக் கிராபிக்ஸ் பகுதியை மாற்றி எழுத வேண்டும். ஒலி, கன்ட்ரோலர், கோப்புகளின் பெயரில் பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் வரை எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். அதோடு முடிந்ததா? லினக்ஸின் ஒரு வகையான உபுண்டுவில் ஓடும், இன்னொரு வகையான ஃபெடோராவில் நின்றுவிடும். ஒரு டிரைவரில் நிழல் சரியாக விழும், இன்னொன்றில் திரையே கருப்பாகும். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் இந்தச் சோதனை எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தாக வேண்டும். கேம் உயிரோடு இருக்கும் வரை.

‘பிளானட்டரி அன்னைஹிலேஷன்’ என்ற கேமில் வேலை பார்த்த ஒரு பொறியாளர் பின்னாளில் தன் அனுபவத்தைச் சொன்னார். விற்பனையில் லினக்ஸின் பங்கு 0.1 சதவீதத்துக்கும் கீழே. தானாக வந்து விழுந்த கிராஷ் அறிக்கைகளிலும் உதவி கேட்டு வந்த கடிதங்களிலும் 20 சதவீதத்துக்கு மேல் லினக்ஸ். பெரும்பாலும் கிராபிக்ஸ் டிரைவர் கோளாறு. அதாவது, கேம் எழுதியவர் கை வைத்துச் சரிசெய்ய முடியாத இடம்.

இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு அந்த முதலாளியை எப்படித் திட்டுவது?

லோகியின் கதையை அவரும் அறிவார். நாம் மூன்று அத்தியாயங்கள் வருத்தப்பட்டுப் படித்த கதைதான். கேம்களின் உரிமம் வாங்கி, அரும்பாடு பட்டு லினக்ஸுக்கு மாற்றி எழுதி, பெட்டியில் போட்டு விற்ற நிறுவனம். 2002 தொடக்கத்தில் அது இழுத்து மூடப்பட்டது. அங்கே தலைமை புரோகிராமராக இருந்த சாம் லான்டிங்கா இப்போது எங்கே இருக்கிறார் தெரியுமா? 2012 முதல் வால்வில். லினக்ஸ் கேம் வணிகம் எந்த இடத்தில் உடைந்து விழுந்தது என்பதை உள்ளே இருந்து பார்த்த மனிதர். அவரை வால்வ் சேர்த்துக்கொண்டது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

சரி, மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அதற்காகக் கதையில் கொஞ்சம் முன்னால் தாவ வேண்டும்.

‘டெல்டா-வி: ரிங்ஸ் ஆஃப் சாட்டர்ன்’ என்று ஒரு விண்வெளி கேம். 2021-இல் அதை உருவாக்கியவர் தன் கணக்கை வெளியே வைத்தார். 12,000 பிரதிகளுக்குச் சற்று மேல் விற்றிருந்தன. அதில் லினக்ஸ்காரர்கள் வாங்கியது 700. மொத்தம் 1,040 பிழைப் புகார்கள். அதில் சுமார் 400 லினக்ஸ்காரர்கள் அனுப்பியவை. பார்த்தவுடன் தலை சுற்றுகிறது இல்லையா? விற்பனையில் 6 சதவீதம்கூட இல்லாதவர்கள், புகாரில் 40 சதவீதத்தை நெருங்குகிறார்கள்!

இப்போது அடுத்த எண்ணைக் கேளுங்கள்.

அந்த 400-இல் லினக்ஸில் மட்டும் வந்த பிழைகள் வெறும் மூன்று.

மற்றவை எல்லாம் எல்லோருக்கும் இருந்த பிழைகள். விண்டோஸ்காரர் கேமை மூடிவிட்டு வேறு வேலை பார்க்கப் போனார். லினக்ஸ்காரர் உட்கார்ந்து, எந்த இடத்தில், எதைச் செய்தபோது, என்ன பதிவுடன் நின்றது என்று வரிசையாக எழுதி அனுப்பினார். சம்பளம் வாங்காத சோதனையாளர் 700 பேர் கிடைத்ததுபோல அந்த டெவலப்பர் பூரித்துப் போனார்.

ஒரே விதமான எண்கள். ஒருவருக்குப் பாரம், இன்னொருவருக்கு வரம். 20 வருட வழக்கு இப்படித்தான் இழுத்துக்கொண்டே இருந்தது. ‘டெவலப்பர்கள் லினக்ஸுக்கு எழுத வேண்டுமா, வேண்டாமா?’ இரண்டு தரப்பிலும் நியாயம் இருந்தது. தீர்ப்புச் சொல்ல ஆள் இல்லை.

கேள்வியே தவறாக இருந்தால்?

அப்படிச் சொல்லும் துணிச்சல் ஒருவருக்கு இருந்தது.

*

ஜான் கார்மேக். டூமையும் குவேக்கையும் உருவாக்கியவர். லினக்ஸ்காரர்களுக்கு அவர் மேல் தனி மரியாதை. தன் கேம்களின் மூல நிரலை ஊருக்கே திறந்து கொடுத்தவர் அல்லவா? குவேக் 3 லினக்ஸுக்கென்று தனிப் பெட்டியில் வந்ததைப் பார்த்தோமே!

2013-இல் அவர் சொன்னது இதுதான். ஒவ்வொரு கேம் நிறுவனத்தின் வாசலிலும் போய் ‘லினக்ஸுக்கு எழுதுங்கள்’ என்று மன்றாடுவதைவிட, வைனை மேம்படுத்துவது நல்ல வழி.

வைனைப் பற்றி ஐந்தாம் அத்தியாயத்தில் விரிவாகவே பேசினோம். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்குத் துபாஷிகள் இருந்ததுபோல, விண்டோஸ் மொழி பேசும் நிரலுக்கும் லினக்ஸுக்கும் நடுவில் நின்று, இரண்டு பக்கமும் பேசுகிற நிரல். 1993-இல் தொடங்கிய வேலை. அலுவலக நிரல்களை ஓரளவு ஓட்டும். கேம் என்று வந்தால் திக்கும், திணறும்.

கார்மேக்கின் வார்த்தை பலரைச் சுட்டது. அந்தக் கோபத்துக்கும் காரணம் இருந்தது.

“ஓஎஸ்/2 கதை தெரியாதா?” என்று கேட்டார்கள் பழைய ஆட்கள். 1990-களில் ஐபிஎம் பெருமையோடு முன்னிறுத்திய இயங்குதளம். விண்டோஸ் நிரல்கள் இதிலும் ஓடும் என்று விளம்பரம் செய்தார்கள். ஓடவும் ஓடின. விளைவு? ஓஎஸ்/2-வுக்கென்று தனியாக எழுத யாருக்கும் அவசியம் இல்லாமல் போனது. விண்டோஸுக்கு எழுதினால் இரண்டிலும் ஓடுமே! அந்த இயங்குதளம் மெல்லத் தேய்ந்து போனது. லினக்ஸுக்கும் அதே கதி வர வேண்டுமா?

இந்தப் பயம்தான் ஒரு வைராக்கியத்தை உருவாக்கியது. லினக்ஸின் பெங்குவின் சின்னம் இல்லாத கேமுக்கு ஒரு பைசா கொடுக்க மாட்டோம் என்று சபதம் எடுத்தவர்கள் இருந்தார்கள். அவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. 2010-இல் விரும்பிய விலை கொடுத்து வாங்கலாம் என்று ‘ஹம்பிள் பண்டில்’ வந்தபோது, சராசரியாக விண்டோஸ்காரர்களைவிட அதிகம் கொடுத்தவர்கள் இவர்கள்தான். தங்களுக்காக எழுதியவர்களைத் தாங்கிப் பிடித்தவர்கள்.

ஆக, 2018-இல் களம் இப்படி இருந்தது. ஒரு பக்கம் கணக்குப் பார்க்கும் முதலாளிகள். இன்னொரு பக்கம் வைராக்கியம் கொண்ட விளையாட்டுக்காரர்கள். நடுவில், விற்காத பெட்டிகளோடு வால்வ்.

வால்வின் தலைவர் கேப் நியூவெல் என்ன நினைத்துக்கொண்டிருந்தார்?

*

இந்த மனிதரின் மனசைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றால் அவர் பழைய வேலையைப் பார்க்க வேண்டும். 13 வருடம் மைக்ரோசாஃப்டில் இருந்தவர். விண்டோஸை வீட்டுக்கு வீடு கொண்டுபோக உழைத்தவர். டூம் அப்போது டாஸில் ஓடிய கேம். அதை விண்டோஸ் 95-க்குக் கொண்டுவந்த குழுவை வழிநடத்தியவரே நியூவெல்தான். விண்டோஸிலும் நல்ல கேம் ஓடும் என்று உலகத்துக்குக் காட்டுவதற்காக.

அன்று அவர் கற்ற பாடம் எளிமையானது. கேம் எங்கே போகிறதோ, விளையாடுபவர்கள் அங்கே போவார்கள். விளையாடுபவர்கள் இருக்கும் இடத்துக்குத்தான் டெவலப்பர்கள் வருவார்கள். கேமை நகர்த்துபவன் கையில்தான் களம்.

2012-இல் விண்டோஸ் 8 தன் சொந்தக் கடையோடு வந்தபோது நியூவெல் பதறியது அதனால்தான். ‘பேரழிவு’ என்றே சொன்னார். தன் தொழில் முழுவதும் இன்னொருவர் நிலத்தில் நிற்கிறது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. நில உரிமையாளர் நாளைக்கே வேலி போட்டால்? ஸ்டீம் எங்கே போகும்?

அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். நொடிக்கு 6 ஃப்ரேமில் ஊர்ந்த ‘லெஃப்ட் 4 டெட் 2’ லினக்ஸில் 315 ஃப்ரேமைத் தொட்டது. லினக்ஸுக்கு ஸ்டீம் வந்தது. டெவலப்பர்களும் வந்தார்கள். ஆயிரக்கணக்கான கேம்கள் சேர்ந்தன.

ஆனால் எல்லோரும் பேசுகிற கேம் வரவில்லை. நண்பன் விளையாடும் கேம் வரவில்லை. மாலையில் வேலை முடிந்து வந்தவர் லினக்ஸை மூடி, கணினியை மறுபடி ஏற்றி, விண்டோஸுக்குள் போய், அங்கே அப்டேட் முடியும் வரை காத்திருந்து விளையாடினார். நாள் தவறாமல் இதைச் செய்கிறவர் ஒரு நாள் லினக்ஸுக்குத் திரும்பாமலே இருந்துவிடுவார்.

நியூவெலுக்கு இது தெரியாதா? தெரியும். அழைத்துப் பார்த்தாயிற்று. பெட்டி செய்து பார்த்தாயிற்று. அந்தப் பெரிய கேம்களின் டெவலப்பர்கள் வரவில்லை.

அப்படியானால் அவர்களை வரச் சொல்லாமலே அவர்களுடைய கேமைக் கொண்டுவர முடியுமா?

2016-இலேயே அந்த வேலை தொடங்கிவிட்டது. வைன் பணியில் பழுத்த கோட்வீவர்ஸ் நிறுவனம் வால்வோடு கைகோத்திருந்தது. ஒரே ஒரு இடத்தில் முட்டிக்கொண்டு நின்றது. கிராபிக்ஸ்.

இப்போது அந்த ஜெர்மானியர் உள்ளே வருகிறார்.

*

பிலிப் ரெபோலே. லினக்ஸ் பயன்படுத்துபவர். 2017-இல் வெளிவந்த ‘நியர்: ஆட்டோமேட்டா’ என்ற ஜப்பானிய கேமை விளையாட வேண்டும் என்று ஆசை. மனிதர்கள் இல்லாத பூமியில் இயந்திரங்களோடு இயந்திரங்கள் மோதும் கதை. கணினியில் விண்டோஸுக்கு மட்டும்தான் வந்தது. வைனில் ஓட்டிப் பார்த்தால் வேலைக்கு ஆகவில்லை.

நீங்களும் நானும் என்ன செய்திருப்போம்? அலுத்துக்கொண்டு விண்டோஸ் போட்டிருப்போம்.

அவர் மொழிபெயர்ப்பு நிரலைத் தானே எழுத உட்கார்ந்தார்.

எவ்வளவு பெரிய வேலை அது என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். விண்டோஸ் கேம் கிராபிக்ஸ் கார்டிடம் பேசும் மொழியின் பெயர் டைரக்ட் த்ரீடி. ‘இந்த முக்கோணத்தை வரை. இந்தத் தோலை மேலே போர்த்து. இங்கே நிழல் விழட்டும்.’ ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் இப்படி ஆயிரக்கணக்கான கட்டளைகள். நொடிக்கு 60 ஃப்ரேம் வேண்டும் என்றால் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது 16 மில்லி செகண்டுக்குச் சற்று மேல். அதற்குள் கேம் தன் வேலையை முடிக்க வேண்டும், மொழிபெயர்ப்பும் முடிய வேண்டும், கார்டும் வரைந்து முடிக்க வேண்டும். தாமதித்தால் திரை திக்கும். கை அழுத்தியதற்கும் கண் பார்ப்பதற்கும் இடைவெளி விழும். வாள் வீசும் கேமில் அந்த இடைவெளி விழுந்தால் ஆட்டம் போச்சு.

வைன் அதுவரை இந்தக் கட்டளைகளை ஓபன்ஜிஎல் என்ற பழைய மொழிக்கு மாற்றியது. இரண்டு மொழிகளின் இலக்கணமும் ஒட்டவில்லை. 2016-இல் வல்கன் என்ற புதிய மொழி வந்தது. கார்டின் அடி ஆழம் வரை நேரடியாகக் கட்டளையிட அனுமதிக்கும் மொழி. கையாள்வது கடினம். கையாளத் தெரிந்தவருக்கு வேகம் வசப்படும்.

ரெபோலே, டைரக்ட் த்ரீடி 11-ஐ வல்கனுக்கு மாற்றத் தொடங்கினார். பெயர் டிஎக்ஸ்விகே. உள்ளே இருக்கும் ஷேடர்கள், அதாவது ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் தீர்மானிக்கும் குட்டி நிரல்கள், அவற்றையும் ஒன்றொன்றாக மாற்ற வேண்டும். ஒரு குழுவே செய்ய வேண்டிய வேலை. அவர் செய்தார். 2017 இறுதியிலிருந்தே நிரலைத் திறந்து வைத்துச் செய்தார்.

நியர் ஓடியது.

வேறு கேம்களும் ஓடின. வேகமாக ஓடின. வைன் வட்டாரத்தில் ஆட்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். வால்வில் இருந்தவர்களும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

2018 பிப்ரவரி முதல் அவர் வால்வின் ஆள். ஏப்ரலில் கிரிஃபே எழுதிய அந்த வரியின் அர்த்தம் இப்போது புரிகிறதா?

*

2018 ஆகஸ்ட் 21.

ஒரு வாரத்துக்கு முன்பே செய்தி கசிந்திருந்தது. ஸ்டீம் நிரலின் கோப்புகளைத் தோண்டிப் பார்க்கும் ஆர்வலர்கள், புதிதாக முளைத்த சில வரிகளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பொருந்தாத கேமைப் பொருத்தி ஓட்டும் கருவி என்பதுபோல வாசகங்கள். நம்புவதா, வேண்டாமா? ஸ்டீம் மெஷினில் சூடுபட்டவர்கள் நம்பத் தயங்கினார்கள்.

அன்று கிரிஃபேயின் அறிவிப்பு வந்தது.

கருவியின் பெயர் புரோட்டான். வைனும் டிஎக்ஸ்விகேவும் இன்னும் பல திருத்தங்களும் சேர்ந்த ஒரே பொதி. இரண்டு வருட உழைப்பு. ஸ்டீமுக்குள்ளேயே வருகிறது. தனியாக எதையும் நிறுவ வேண்டாம். மூல நிரல் திறந்தே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ரெபோலேயை வேலைக்கு எடுத்த ரகசியமும் அதே அறிவிப்பில்தான் வெளியே வந்தது.

கீழே ஒரு பட்டியல். வால்வ் சோதித்துப் பார்த்து ‘ஓடும்’ என்று கையெழுத்திட்ட கேம்கள். மொத்தம் 27.

டெக்கன் 7 இருந்தது. ஸ்டாக்கர் இருந்தது. ஃபைனல் ஃபேன்டஸி 6 இருந்தது. கார்மேக்கின் குவேக் இருந்தது.

நியர்: ஆட்டோமேட்டா இருந்தது! ஒருவருடைய ஆசையில் தொடங்கிய பயணம், அதே கேமின் பெயரோடு ஊருக்குப் பொதுவானது.

டூமும் இருந்தது. ஒரு காலத்தில் எந்த கேமை விண்டோஸுக்குள் கொண்டுபோய் நியூவெல் அந்தக் களத்தைக் கட்டினாரோ, அதே கேம். இந்த முறை அது எதிர்த் திசையில் நடந்தது.

27 என்பது பெரிய எண்ணிக்கையா? ஸ்டீமில் பல்லாயிரம் கேம்கள் இருந்தன. 27-ஐ மட்டும் கொடுத்துவிட்டு வால்வ் நிறுத்தியிருந்தால், இந்த அத்தியாயத்தை நான் எழுதியிருக்க மாட்டேன்.

திருப்பம் இருந்தது அமைப்புகள் பக்கத்தில்.

அந்த நேரத்தில் ஸ்டீமைத் திறந்த லினக்ஸ்காரர் ஒருவரின் தோளுக்குப் பின்னால் நின்று பாருங்கள். சோதனைப் பதிப்பான பீட்டாவுக்கு மாறுகிறார். ஸ்டீம் மூடித் திறக்கிறது. செட்டிங்ஸ் போகிறார். இடப்பக்க வரிசையில் ஸ்டீம் பிளே என்ற பகுதி. அதில் ஒரு பெட்டி: ஆதரவு உள்ள கேம்களுக்கு மட்டும் இயக்கு.

கீழே இன்னொரு பெட்டி.

எல்லா கேம்களுக்கும் இயக்கு.

வால்வுக்கு எவ்வளவு துணிவு இருந்திருக்க வேண்டும்! சோதிக்காத கேம். ஓடலாம், ஓடாமலும் போகலாம். ஓடாவிட்டால் கெட்ட பெயர் வால்வுக்குத்தான். ஜாக்கிரதையான நிறுவனம் அந்த இரண்டாவது பெட்டியைப் பூட்டியே வைத்திருக்கும். இவர்கள் திறந்துவிட்டார்கள். விளையாடுபவர்களே சோதிக்கட்டும் என்று நம்பினார்கள்.

அவர் டிக் செய்கிறார்.

அவருடைய லைப்ரரியில் வருடக்கணக்காகத் தூங்கிக்கொண்டிருந்த கேம்கள். காசு கொடுத்து வாங்கியவை. லினக்ஸில் இறக்கவே முடியாதவை. ஒன்றைத் திறக்கிறார். இன்ஸ்டால் பொத்தான் வந்து நிற்கிறது. அழுத்துகிறார். இறங்குகிறது. பிளே என்ற சொல் வருகிறது.

அழுத்துகிறார்.

திரை கருப்பாகிறது. வழக்கமாக இங்கேதான் எல்லாம் முடியும்.

நிறுவனத்தின் சின்னம் வருகிறது. இசை வருகிறது. மெனு வருகிறது.

விளையாட ஆரம்பிக்கிறார்!

எல்லோருக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. சில கேம்கள் திறக்கவே இல்லை. சிலவற்றில் படம் வந்தது, ஒலி வரவில்லை. சிலவற்றில் புதிய காட்சி ஒவ்வொன்றிலும் ஷேடர் தயாராகும் வரை திரை நடுங்கியது. யாரும் சலித்துக்கொள்ளவில்லை. பொதுவில் ஒரு அட்டவணையைத் திறந்தார்கள். கேமின் பெயர், கார்டின் பெயர், டிரைவர், ஓடியதா, எப்படி ஓடியது. வரிசை நீண்டது. சில நாட்களில் அது தனித் தளமாகவே வளர்ந்தது. இன்று ‘புரோட்டான்டிபி’ என்று நாம் அறிவது அதுதான். புகார் எழுதுவதில் கைதேர்ந்தவர்கள் என்று சொன்னேனே, அந்தக் கைகளுக்கு வேலை வந்துவிட்டது.

அந்த அறிவிப்பிலேயே இன்னொரு சின்னக் குறிப்பும் இருந்தது. பலர் கவனிக்கத் தவறியது. புரோட்டானில் விளையாடினாலும் அந்த விற்பனை லினக்ஸ் கணக்கில்தான் சேரும்.

ஒரு டெவலப்பரின் கண்ணால் இதைப் பாருங்கள். அவர் ஒரு வரி எழுதவில்லை. ஒரு சோதனை செய்யவில்லை. மாத இறுதியில் அறிக்கையைத் திறந்தால் லினக்ஸ் வாடிக்கையாளர்கள் அதில் இருக்கிறார்கள்! 20 வருட வழக்கில் முதலாளி தரப்பின் மிகப் பெரிய வாதம் செலவு. அந்தச் செலவை வால்வ் தன் தோளில் ஏற்றிக்கொண்டுவிட்டது.

கேள்வி மாறிவிட்டது.

*

இனி டெவலப்பர்கள் லினக்ஸுக்கு என்னதான் செய்ய வேண்டும்? என் எண்ணத்தை ஒளிவு மறைவில்லாமல் சொல்கிறேன். தனிப் பதிப்பு எழுத முடிந்தவர் எழுதட்டும், அவருக்கு நன்றி. முடியாதவரைக் குற்றவாளி ஆக்க வேண்டாம். அந்தப் பத்துப் பேர் நிறுவனத்தின் கணக்கு நியாயமான கணக்கு. அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. ஓடுகிற கேமைத் தடுக்காதீர்கள். வெளியிடும் முன் ஒரு முறை புரோட்டானில் ஓட்டிப் பாருங்கள். கூடவே வரும் லாஞ்சரையும் திருட்டுத் தடுப்பையும் வழியில் போட்டு அடைக்காதீர்கள். காசு கொடுத்து வாங்கியவர் தனக்குப் பிடித்த இயங்குதளத்தில் விளையாடட்டும்.

இது பெரிய கோரிக்கையா?

ஓஎஸ்/2-வைச் சொல்லிப் பயந்தவர்களும் முழுக்கத் தவறு செய்யவில்லை. 2020 மார்ச்சில் ‘ராக்கெட் லீக்’ தன் லினக்ஸ், மேக் பதிப்புகளை நிறுத்தியது. இரண்டும் சேர்ந்து விளையாடுவோரில் 0.3 சதவீதம்கூட இல்லை என்றது நிறுவனம். வேண்டுமானால் புரோட்டானில் முயன்று பாருங்கள், எங்கள் பொறுப்பு இல்லை என்றது. வைராக்கியக்காரர்கள் எச்சரித்தது கண் முன்னால் நடந்தது.

ஆனால் ஓஎஸ்/2-வுக்குக் கிடைக்காத ஒன்று லினக்ஸுக்குக் கிடைத்தது. அதன் பின்னால் ஒரு கடை நின்றது. அந்தக் கடைக்காரர் ஓய்வதாக இல்லை.

2021 ஜூலையில் வால்வ் ஒரு கையடக்கக் கருவியை அறிவித்தது. ஸ்டீம் டெக். உள்ளே லினக்ஸ். ஓட்டப்போவது புரோட்டான். பத்துப் பேர் நிறுவனங்கள்கூட நிமிர்ந்து பார்த்தன. இந்த முறை பெட்டிக்குள் கேம்கள் இருந்தன.

ஒரு வகைக் கேம்கள் மட்டும் இல்லை.

உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானவர்கள் ஒருவரோடு ஒருவர் மோதும் ஆன்லைன் கேம்கள். அங்கே மோசடியைப் பிடிக்க ஒரு காவல் நிரல் உட்கார்ந்திருக்கும். விண்டோஸின் உள்ளறை வரை போய், யார் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கும். புரோட்டானில் அது கண் திறந்தால் என்ன தெரியும்? தான் எதிர்பார்த்த விண்டோஸ் அங்கே இல்லை. யாரோ நடுவில் நிற்கிறார்கள். மோசடி! உடனே வெளியே தள்ளிவிடும். விளையாடுபவர் நேர்மையானவர்தான். துபாஷியைப் பார்த்துத்தான் அது சந்தேகப்பட்டது.

ஸ்டீம் டெக் கடைக்கு வருவதற்குள் இதைத் தீர்த்தாக வேண்டும். அந்தக் காவல் நிரல்களில் பெரியது ‘ஈஸி ஆன்டி-சீட்’. அது யார் கையில் இருந்தது தெரியுமா?

வால்வின் பரம எதிரி கையில். எபிக் நிறுவனம். ஸ்டீமை எதிர்த்துத் தனிக் கடை நடத்தும் டிம் ஸ்வீனி.

2021 செப்டம்பர் 23. எபிக்கிடமிருந்து அறிவிப்பு வந்தது. லினக்ஸ்காரர்கள் தங்கள் கண்களை நம்பவில்லை. ஈஸி ஆன்டி-சீட் இனி புரோட்டானிலும் வேலை செய்யும். டெவலப்பர்கள் சில கிளிக்குகள் செய்தால் போதும். மறுநாளே அதன் போட்டியாளரான பேட்டில்ஐயும் அதே வழியில் வந்தது.

சில கிளிக்குகள். இனி செலவு என்று சாக்குச் சொல்ல இடம் இல்லை. தடுப்பதா, விடுவதா என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தானே தீர்மானித்தாக வேண்டும்.

எல்லோரும் ஒரே கேமின் பக்கம் திரும்பினார்கள். ஃபோர்ட்நைட். ஸ்வீனியின் சொந்த கேம். ஈஸி ஆன்டி-சீட் அவருடையது, கேமும் அவருடையது, முடிவும் அவருடையது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

2022 பிப்ரவரி. ஸ்டீம் டெக் முதல் வாடிக்கையாளரின் கைக்குப் போக இன்னும் சில வாரங்களே. ஸ்வீனியிடம் நேராகவே கேட்டுவிட்டார்கள்: “ஃபோர்ட்நைட்டை அதில் விடுவீர்களா?”

ஸ்வீனி பதில் சொன்னார். அவர் கொடுத்த காரணத்தைக் கேட்டு லினக்ஸ் உலகம் கொதித்தது ஏன்? அதில் நியாயம் இருந்ததா?

அடுத்த வாரம்!

(தொடரும்)